வெடிச் சத்தம் கேட்காத தீபாவளி

தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று எந்தக் குழந்தையாவது தானாகச் சொல்லுமா? எங்கள் திருமயத்திலிருந்து சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரைத் தாண்டி, மதுரை சாலையில் போனால் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று கிராமங்கள். அங்கே பல வருஷங்களாகவே யாரும் வெடி போடுவதில்லை. கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, வேட்டுச் சத்தம் கிடையாது. தீபாவளி சமயத்தில் வனத்துறையினர் வந்து இனிப்பு வழங்கிவிட்டுப் போவார்கள்.

காரணம், கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்ட வரும் பறவைகள். நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா... அம்மாடி, மரமே தெரியாது! வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவை வெருண்டு பறந்தால், காக்கை முட்டையைக் கொத்திவிடும். 1977-ல் அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது. அறிவித்தால் மட்டும் போதுமா? காப்பாற்றுவது ஊர் ஜனங்கள்தான். எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழாவது படிக்கும் என் மகன் பள்ளியின் பசுமைப் படையில் இருக்கிறான். 2001-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. மரக்கன்று, ஊர்வலம், கட்டுரைப் போட்டி எல்லாம் நல்லதுதான். ஆனாலும் ஒரு பொறுப்பைக் குழந்தை தானே சுமந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஜனவரியில் அவனைக் கொள்ளுகுடிப்பட்டிக்கு அழைத்துப் போனோம். அடுத்த தீபாவளிக்கு, "நம்ம கண்மாய்லயும் கொக்கு இருக்கும்மா, கரைப் பக்கம் வெடி வேணாம்" என்று ஆரம்பித்தான்.

தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானே போய்ப் பேசிவிடலாமா என்று துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவனுடைய அப்பத்தாதான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்: "பிரசவத்துக்கு வந்த பொண்ணு தூங்கற வீட்டு வாசல்ல வெடி வைப்பாகளாடா?" அதையே பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். மூன்று நாள் மன்றாடியதில், கரையோரம் வெடிப்பதில்லை என்று முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் வெடித்தார்கள். அழுதான், மறுநாள் காகிதக் குப்பையைக் கூட்டவும் போனான்.

கொள்ளுகுடிப்பட்டிக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சமயம். மழை பொய்த்த வருஷத்தில் பறவை குறைவு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். விடிகாலையிலேயே போய்விடுவது நல்லது. கட்டுச்சாதப் பொட்டலப் பைகளை மறக்காமல் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.