காதால் எண்ண முடியாத நகரம்

1948 ஏப்ரலில், சிகாகோவின் சிவிக் ஆப்பரா ஹவுஸில் ஸ்டான் கென்டனின் ஜாஸ் பிக் பேண்ட் ஒரு புதிய படைப்பை வாசித்து முடித்தது. கைதட்டல் எழவில்லை. கென்டன் சைகை காட்டி வாத்தியக்காரர்களை எழுந்து நிற்க வைத்த பிறகுதான் அரங்கம் திகைப்பிலிருந்து மீண்டது என்பார்கள். 'சிட்டி ஆஃப் கிளாஸ்' என்ற அந்தப் படைப்பை எழுதிய பாப் கிரெட்டிங்கருக்கு அப்போது வயது 24.

அந்தத் திகைப்புக்குக் காரணம் ரசனைக் குறைவு அல்ல. நம் செவி வேலை செய்யும் விதம்.

வழக்கமான பிக் பேண்டில் சாக்ஸபோன், ட்ரம்பெட், ட்ரோம்போன் என்று தனித்தனி அணிகள் உண்டு. ஓர் அணியில் உள்ளவர்கள் வெவ்வேறு சுரங்களைப் பிடித்தாலும் ஒரே கணத்தில் தொடங்கி, ஒரே நடையில், ஒரே திசையில் ஏறி இறங்குவார்கள். சேர்ந்து தொடங்கிச் சேர்ந்தே நகரும் ஒலிகளை மூளை ஒரே மூலத்திலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து சாக்ஸபோன்கள் ஒரே கனத்த குரலாகக் கேட்பது இதனால்தான்.

கிரெட்டிங்கர் அணிக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். கட்டம்போட்ட தாளில் வண்ண வண்ணமாக வரைந்து ஒவ்வொரு வாத்தியத்தின் போக்கையும் திட்டமிட்டார். ஜாஸின் உயிரான மனோதர்மத்துக்கு இதில் ஏறக்குறைய இடமே இல்லை. எல்லாம் எழுதி வைத்தது. இப்படித் தனித்தனியே நகரும் குரல்களில் எத்தனையைக் காது எண்ணும்? ஒரே வகை நாதம் கொண்ட குரல்களை வைத்து டேவிட் ஹியூரன் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த இசைக்கலைஞர்களே மூன்றைத் தாண்டியதும் தடுமாறினார்கள். 1951 டிசம்பரில் 'சிட்டி ஆஃப் கிளாஸ்' பதிவானபோதோ, வயலின்களும் ஹார்ன்களும் சேர்ந்து ஏறக்குறைய 40 பேர் வாசித்தார்கள்! எண்ணுவதைக் கைவிட்ட செவி, மெட்டுக்குப் பதிலாக ஒலியின் அடர்த்தியையும் அசைவையும் கேட்கத் தொடங்குகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நொடிக்கு 440 அதிர்வுள்ள சுரமும் அதற்கடுத்த அரைச்சுரமான 466-ம் சேர்ந்தால், ஒலி நொடிக்கு 26 முறை பெருத்துச் சிறுக்கும். இரண்டும் உட்செவியின் நத்தைச் சுருளில் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத் தூண்டுவதால் அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. ஒரு சொரசொரப்பாகவே கேட்கிறது. கிரெட்டிங்கரின் பித்தளை வாத்தியங்களில் இந்தச் சொரசொரப்பு கூடுவதும் தளர்வதும்தான் நாடகம். குரல்களைப் பெருக்கி ஒலித்திரளாக்கும் வேலையைச் செவ்வியல் இசையில் இசையமைப்பாளர் லிகெட்டி 'அட்மாஸ்ஃபியர்ஸ்' படைப்பில் செய்துகாட்டியது 1961-ல்.

ஜாஸும் செவ்வியலும் கலந்த இசைக்கு 'மூன்றாம் ஓடை' என்று இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் பெயரிட்டது 1957-ல். அதே ஆண்டு கிரெட்டிங்கர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 33. பின்னாளில் ஆம்ஸ்டர்டாமின் எபனி பேண்ட் அவர் படைப்புகளை மீண்டும் பதிவு செய்தது.

'சிட்டி ஆஃப் கிளாஸ்' நான்கு பகுதிகள், கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முதல் தடவை மெட்டைத் தேடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு ட்ரம்பெட்டை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.