கணக்குப் புத்தகம் யார் கையில்?

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்குகிற எவரும், ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலை நிபுணர் 1917-இல் முடித்துக்கொடுத்த அந்த வெண்மாளிகையை ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் நகர்வதில்லை; ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அதே நிபுணரின் கைவண்ணத்தில் 1928-இல் எழுந்த உயர் நீதிமன்றத்தை மட்டும் நம்மவர்களில் பலர் ஏறிட்டும் பார்க்காமல் எதிர்ப்பக்கமாகவே நடந்து போய்விடுகிறார்கள். கோர்ட்டு என்றால் கொலை, கொள்ளை, நிலத் தகராறு, அல்லது வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்கக் கையில் பணமுள்ளவர்களின் வியாஜ்யம் என்பதே தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம் ஜனங்களின் மனத்தில் ஊறிப்போன அபிப்பிராயம். மைத்துனர் கைமாற்றாக வாங்கித் திருப்பாத இரண்டாயிரம் வெள்ளிக்கும், வீட்டைக் காலி செய்த பிறகு வீட்டுக்காரர் கொடுக்காமல் இழுத்தடிக்கும் இரண்டு மாத முன்பணத்துக்கும், பாதிக் கூரையோடு மறைந்துபோன வேலைக்காரர் வாங்கிய அச்சாரத்துக்கும் நீதிமன்றத்தில் தனியாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், புந்தோங் சாப்பாட்டுக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர்கள் பரிகாசமாகச் சிரிப்பார்கள்.

சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அமலுக்கு வந்த நீதிமன்ற விதிகளின் 93-ஆவது ஆணை, ஐயாயிரம் வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் கோர்ட்டில், வக்கீலின்றி, வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. இந்த ஏற்பாடு அதற்கு முந்தைய கீழ் நீதிமன்ற விதிகளிலும் இருந்தது. புதுமை என்று சொல்வதற்கில்லை. 198 என்ற எண்ணுள்ள படிவத்தில் எவரிடமிருந்து எவ்வளவு, எதற்காக வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்து, சொற்பக் கட்டணமும் செலுத்தி, முத்திரையிட்ட பிரதியை எதிரியின் கையில் சேர்ப்பித்துவிட்டால், அவர் பதினான்கு நாட்களுக்குள் 199-ஆம் படிவத்தில் பதில் சொல்ல வேண்டும். தமக்கும் வரவேண்டியது ஏதேனும் உண்டென்றால் அதையும் அங்கேயே எழுதலாம். பதிலும் சொல்லாமல், தவணை நாளில் நேரிலும் வராமல் இருந்துவிடுகிறவருக்கு விரோதமாகத் தீர்ப்பு ஆகிவிடும். வழக்குப் போடுகிறவர் தனிமனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதும், கம்பெனிகள் இங்கே பிராது கொடுக்க முடியாது, பிரதிவாதியாக வந்து நிற்கலாம் என்பதும், சாமானியர்பால் இந்த விதிக்குள்ள பரிவைக் காட்டுகின்றன. வரவேண்டியது ஆறாயிரம் என்றால் ஓராயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஐயாயிரத்துக்கு வழக்குப் போடலாம். ஒரே கடனை இரண்டு கூறாக்கி இரண்டு வழக்குப் போடலாகாது.

இவ்வளவு சௌகரியம் இருந்தும் நம்மவர் அங்கே போய் நின்றதும் திகைத்துப் போவதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் மேசையைத் தட்டி அந்த விவகாரத்தை நூறு முறை சொன்னவர், மாஜிஸ்திரேட்டின் முன்னால், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்; ஏனென்றால் அவர் மனத்தில் அந்த இரண்டாயிரம் வெள்ளி தனித்து நிற்பதில்லை. தங்கையின் கல்யாணத்தில் மைத்துனர் முகங்கொடுத்துப் பேசாததும், மாமியார் இறந்தபோது சவப்பெட்டிச் செலவை யார் ஏற்றார்கள் என்பதும், அதன் பிறகு கல்லுமலைத் தைப்பூசத்தில் பார்த்தும் பாராததுபோல் போனதுமாகப் பத்து வருஷத்து மனஸ்தாபம் அந்தக் கடனோடு பின்னிக் கிடக்கும். மாஜிஸ்திரேட் கேட்பதோ நாலே கேள்வி: எவ்வளவு, எப்போது, எப்படிக் கொடுத்தீர், அதற்கு என்ன அத்தாட்சி? முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறவர் நாலாவதில்தான் தோற்றுப்போகிறார். ‘சொந்தக்காரரிடம் எப்படிங்க எழுதி வாங்குறது?’ என்பதே அவருடைய பதில். அந்தப் பதிலில் மரியாதை இருக்கிறது, குடும்பப் பாசமும் இருக்கிறது. வழக்கை ஜெயிக்க வேண்டிய சாட்சியம் ஒன்றுதான் இல்லை.

எழுதி வாங்கத் தயங்கும் இந்தப் பழக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கொரு சரித்திரம் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பேரா மாநிலத்தின் தோட்டங்களெல்லாம் கிளைத்து, அவற்றுக்கு ஆள் வேண்டுமென்று கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் போய் முன்பணம் கொடுத்து ஜனங்களைக் கப்பலேற்றிய காலத்திலிருந்தே, நம் முன்னோர் வேறொருவர் கணக்குப் புத்தகத்தில் கடனாளியாகப் பதிவான பிறகுதான் தொழிலாளியானார்கள். வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கங்காணியின் புத்தகம், அரிசியும் கருவாடும் கடனுக்குக் கொடுத்த தோட்டக் கடைக்காரரின் புத்தகம், சம்பளத்தில் பிடித்தம் போட்ட கிராணியாரின் புத்தகம் ஆகிய மூன்றிலும் அவர்கள் பெயர் இருந்தது. மூன்றில் ஒன்றுகூட அவர்கள் கையில் இருந்ததில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், கடனை அடைத்தால் ஆளை விடுகிறோம் என்று ‘துண்டு’ எழுதிக் கொடுத்து ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கடனோடு ஆளையும் மாற்றிய வழக்கத்தை 1921-இல் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், எழுதிய காகிதம் என்றாலே நம் ஜனங்களுக்கு ஏன் அச்சம் என்பது விளங்கும். காகிதம் என்பது எப்போதும் அவர்களுக்கு விரோதமாகவே பேசியது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவள். கடையில் வாங்கும் சாமானுக்கு லயத்துச் சுவரில் கரியால் கோடு கிழித்து வைப்பாள்; பெரிய கோடு வெள்ளி, சின்னக் கோடு காசு. வருஷந்தோறும் தீபாவளிக்கு முன் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் இருந்தது. சுண்ணாம்பு அடித்த மறுநாள் பாட்டியின் கணக்கு போய்விடும். கடைக்காரர் கணக்கு இருக்கும். எந்தக் கணக்கு செல்லுபடியாயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விலக்கும் இல்லாமற் போகவில்லை. வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த சமயத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோட்டமாகப் போய் ‘மாதம் பத்து வெள்ளி போடுங்கள்’ என்று கேட்டபோது, அதே பாட்டிமார்களும் தாத்தாமார்களும் போட்டார்கள்; பங்குதாரர் என்று தங்கள் பெயர் எழுதிய காகிதத்தை முதன்முறையாகத் தங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது.

சட்டத்தின் சரித்திரத்திலும் ஒரு விநோதம் உண்டு. 1872-இல் இந்தியாவுக்கென்று இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தையே தழுவி 1899-இல் பேரா உள்ளிட்ட மலாய் நாடுகளுக்கும் சட்டம் செய்தார்கள். இன்றைய 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதன் வாரிசு. ஆக, நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே காலத்தில் அவர்கள் தேசத்துச் சட்டமும் கப்பலேறி வந்திருக்கிறது, ஆனால் இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை! சிறு தகராறுகளுக்கு ஊரளவில் இருந்த பெங்குலு நீதிமன்றம் ஐம்பது வெள்ளி வரையிலான வழக்குகளைத்தான் கேட்கும். அதுவும் வழக்காடுகிறவர்கள் மலாய் பேசித் தெரிந்துகொள்ளக்கூடிய ஆசியர்களாக இருக்க வேண்டும். லயத்துக்கு வெளியே நாலு வார்த்தை மலாய் பேச வாய்ப்பில்லாத தோட்டத் தமிழனுக்கு அந்தக் கதவும் பாதிதான் திறந்திருந்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த நீதிமன்றத்தையே எடுத்துவிட்டது.

அந்த ஒப்பந்தச் சட்டம் வாய்ச்சொல்லையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. முத்திரைத் தாளில் எழுதினால்தான் கடன் என்பதில்லை. கொடுத்தேன், வாங்கினார், இன்ன தேதிக்குள் திருப்புவதாகச் சொன்னார் என்பதை நம்பும்படி நிரூபித்தால் போதும். நிரூபிப்பதற்கு இன்று பாட்டியின் கரிக்கோடு தேவையில்லை. வங்கியிலிருந்து அனுப்பிய பணத்துக்குத் தேதியும் நேரமும் அச்சிட்ட சீட்டு கிடைக்கிறது; ‘அண்ணே, அடுத்த மாசம் கொடுத்துர்றேன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி, கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகிறது. நம் பரம்பரையில் முதன்முறையாகக் கணக்குப் புத்தகம் நம் கைக்கே வந்திருக்கிறது. அப்படி வந்த பிறகும், ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டு, பேச்சையெல்லாம் தொலைபேசியில் பேசிவிட்டு, போன் பழுதானதும் புதிது வாங்கிப் பழையதை எறிந்துவிட்டு வந்து நிற்கிறவர்களை என்னென்பது?

இரண்டு விவகாரங்களில் மட்டும் சட்டத்தின் படியேறுமுன் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒன்று கூட்டு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதம் இருநூறு, முந்நூறு போட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டுக்கு மலாய்க்காரரும் ‘கூட்டு’ என்ற நம் சொல்லையே ‘கூத்து’ என்று வைத்திருக்கிறார்கள். 1971-இல் இதைத் தடுக்க வந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தத் தமிழ்ச்சொல் ஏறியிருக்கிறது. சட்டத்தின் வாசகத்தில் ‘சீட்டு’ம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ச்சொல் இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றதற்குப் பெருமைப்படுவதா, அது தண்டனைச் சட்டமாக இருப்பதற்கு வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. அந்தச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைக் குற்றமாக்குகிறது. தலைமை தாங்கிய அம்மாள் பணத்தோடு மறைந்தபின் வழக்குப் போடப் போகிறவர், முதலில் தாம் எந்த ஏற்பாட்டில் சேர்ந்திருந்தோம் என்பதற்கே பதில் சொல்லும்படி நேரலாம்.

மற்றொன்று வட்டி. கைமாற்று கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் ‘மாதம் நூறு வெள்ளி சேர்த்துக் கொடு’ என்ற ஒரே வார்த்தையால் அந்த உரிமை ஆட்டங்கண்டுவிடும்; ஏனென்றால், வட்டிக்குக் கொடுத்தவர் ஒரே தடவை கொடுத்திருந்தாலும், மறுத்து நிரூபிக்கும் வரையில், அவரை வட்டித் தொழில் செய்பவராகவே 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் அனுமானிக்கிறது; லைசென்ஸ் இல்லாதவர் கொடுத்த வட்டிக்கடன் செல்லாது. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரை அடக்கப் போட்ட வலையில், ஆசைப்பட்ட அண்டை வீட்டுக்காரரும் சிக்கிக்கொள்கிறார்.

ஐயாயிரம் என்ற வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி; ஐயாயிரம் என்பது மூன்று மாதச் சம்பளத்துக்கும் குறைவு. 1999-இல் தொடங்கிய பயனீட்டாளர் நடுவர் மன்றம் பத்தாயிரத்தில் ஆரம்பித்து, இருபத்தையாயிரமாகி, 2019-இல் ஐம்பதாயிரம் வரை ஏறிவிட்டது. சிங்கப்பூரின் சிறு கோரிக்கை மன்றம் இருபதாயிரம் சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு கோரிக்கை மட்டும் ஐயாயிரத்திலேயே நின்றுகொண்டிருப்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. கடையில் வாங்கிய சாமானோ, மண்டபமோ, சமையல்காரரோ, புகைப்படக்காரரோ ஏமாற்றினால் பயனீட்டாளர் மன்றத்துக்கும், முதலாளி சம்பளம் கொடுக்கவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்கும் போவதே உசிதம். அங்கே செலவும் குறைவு, பயனீட்டாளர் மன்றத்தின் கட்டணம் ஐந்தே வெள்ளி. கைமாற்றுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டே கதி.

தீர்ப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று எவரும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் கொடுக்காவிட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று அவரை வரவழைத்துக் கேட்கவும், தவணை கட்டவும், சாமான்களை ஜப்தி செய்து விற்கவும் வழியுண்டு; ஆனால் அந்த விண்ணப்பங்களையும் ஜெயித்தவரேதான் போட்டுக்கொண்டு அலைய வேண்டும். மாதம் நூறு வெள்ளி என்று தவணை பேசிக்கொண்டு வெளியே வருகிறவர்களைத் தோற்றவர்களாக நான் கருதவில்லை. அந்த நூறு வெள்ளியைக் கொடுப்பவர் சம்மதித்துக் கொடுப்பதால், இருவர் வீட்டிலும் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க இடமிருக்கும்.

கடைசியாக, தேதி. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு வருஷம்தான் அனுமதிக்கிறது. இடையில் கடன்காரர் ஒரு பகுதியைக் கொடுத்தாலோ, கடன் உண்டென்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, அந்த நாளிலிருந்து ஆறு வருஷம் புதிதாக ஆரம்பமாகும். ஆகவே, பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன், போனஸ் வந்ததும் கொடுக்கிறேன் என்று கேட்டுக்கேட்டு வருஷங்களைக் கழித்துக்கொண்டிருப்பவர்கள், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் அந்தப் பணம் கொடுத்த தேதியைத் தேடி எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.