கொத்தனார் மகளும் எம்.டெக். படிக்கலாம்!

காஷ்மீரில் செனாப் என்று ஓர் ஆறு. இரண்டு பக்கமும் மலை. நடுவே பாதாளம். அந்தப் பாதாளத்துக்கு மேலே இப்போது ரெயில் ஓடுகிறது!

ஆற்று மட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அந்தப் பாலம். பாரீஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தைவிட அதிக உயரம். நீளம் 1,315 மீட்டர். 2025-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி பாலத்தைத் திறந்தார்கள்.

பாலத்தைத் தாங்குவது இரும்பு வளைவு. இரும்பு வளைவைத் தாங்குவது எது? மலை! அந்த மலையோ வெடிப்பு விழுந்த பாறை. பாறை சரிந்தால் பாலமும் சரியும்.

மலையைத் தைத்தவர்கள்

பாறையைச் சரியாமல் நிறுத்துவது எப்படி? இதற்கு யோசனை சொன்னவர் ஒரு பெண்மணி. பெயர் மாதவி லதா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியை. 17 ஆண்டுகள் இந்தப் பாலத்துக்கு ஆலோசகராக இருந்தார்.

தோண்டத் தோண்டப் பாறை வேறு வேறு குணம் காட்டியது. காகிதத்தில் போட்ட கணக்கு மலையில் பலிக்கவில்லை. அதற்குத் தக்கபடி திட்டத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். நீளமான இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி, கிழிந்த துணியைத் தைப்பது போல மலையைத் தைத்தார்கள்.

பாலம் திறந்ததும் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவரோ, ஆயிரக்கணக்கான பேர் உழைத்த வேலை இது, என்னை மட்டும் பெரிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரிய மனசு!

அவர் என்ன படித்தார்? ஆந்திரத்துக் கிராமத்தில் பிறந்தவர். காக்கிநாடாவில் சிவில் என்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். அது 1992-ம் ஆண்டு. பிறகு வாரங்கல்லில் எம்.டெக். அதன்பின் நமது சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். அது 2000-ம் ஆண்டு. மண்ணையும் பாறையையும் அறிகிற வித்தையை அவர் மேல்படிப்பில்தான் ஆழமாகக் கற்றார்.

"படித்தது போதாதா?"

நமது வீடுகளுக்கு வருவோம்.

அப்பா கொத்தனார். தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பிடித்த கை. மகள் பி.இ. சிவில் படிக்கிறாள். கடைசி வருஷம். "மேலே படிக்கட்டுமா அப்பா?" என்று கேட்கிறாள். அப்பாவுக்குப் பகீர் என்கிறது. இன்னும் இரண்டு வருஷமா? பணத்துக்கு எங்கே போவது? தம்பி படிப்பு இருக்கிறதே! வீட்டுக் கடன் இருக்கிறதே! "படித்தது போதாதா அம்மா?" என்கிறார்.

அவர் கேட்பது நியாயந்தான். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

இந்தப் படிப்பில் மகளுக்கு மாதாமாதம் பணம் வரும்!

'கேட்' என்று ஒரு பரீட்சை இருக்கிறது. அதில் தேறி, அந்த மார்க்கைக் காட்டி, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களில் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கும். இரண்டு வருஷத்துக்கு இந்தப் பணம் உண்டு. பதிலுக்கு, சின்ன வகுப்பு மாணவர்களின் சோதனைச்சாலையில் உதவுவது, பரீட்சைத் தாள் திருத்துவது போன்ற வேலைகளை வாரத்தில் சில மணி நேரம் செய்ய வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக்கும் கைச் செலவுக்கும் இது உதவும். ஆனால் சேரும்போது கட்டணம் கட்டவேண்டும். முதல் மாதமே பணம் வந்துவிடும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். சில சமயம் தாமதமாகும்.

ஒரே பரீட்சை, பல வாசல்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து 'கேட்' நடத்துகின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி மாதத்தில் நடக்கும். மூன்று மணி நேரம். 65 கேள்விகள். 100 மார்க்கு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. திரையிலேயே ஒன்று இருக்கும். அதில் முன்கூட்டியே பழகாதவர்கள் அங்கே போய்த் திணறுவார்கள்.

15 மார்க்கு பொது அறிவுத்திறனுக்கு. மற்றது கணக்கும் சிவில் பாடங்களும். கட்டுமானம், மண், தண்ணீர், சாலை, சுற்றுப்புறம், நில அளவை எல்லாம் வரும்.

விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பாக எழுதினால் மார்க்கு குறையும். ஒரு மார்க்குக் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். குருட்டாம்போக்கில் அடித்துவிடக் கூடாது. விடையை எண்ணாக எழுதும் கேள்வியில் இந்தப் பயம் இல்லை.

மூன்றாம் வருஷத்திலேயே இதை எழுதலாம். வாங்கிய மார்க்கு மூன்று வருஷம் செல்லும். வீட்டு நிலை சரியில்லையா? ஒரு வருஷம் வேலைக்குப் போய்க் கடனை அடைத்துவிட்டு, அதே மார்க்கைக் காட்டிப் படிக்கச் சேரலாம். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் ஒரு வருஷம் வெயிலில் நின்றவர்களுக்கு, பிறகு வகுப்பில் சொல்வது நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம்.

'கேட்' எழுதவில்லை என்றால் கதவு அடைத்துவிட்டதா? இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 'சீட்டா' என்ற பரீட்சையை 2023-ம் ஆண்டிலிருந்து நடத்துகிறது. அதன் மூலம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேரலாம். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி கல்லூரியும் அதில் ஒன்று. ஆனால் அந்த 12,400 ரூபாய் 'கேட்' தேறியவர்களுக்குத்தான்.

எதைப் படிப்பது?

சிவில் என்றால் கட்டிடம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆகவே எல்லோரும் கட்டமைப்புப் பிரிவுக்கே முண்டியடிக்கிறார்கள். அங்கே போட்டி கடுமை. மண்ணும் தண்ணீரும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன! 2015-ல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019-ல் அதே சென்னை ஒரு குடம் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றது. தண்ணீரைப் படித்தவர்களுக்கு இந்த நாட்டில் வேலை தீர்ந்துவிடுமா?

பூகம்பத்தைப் பற்றிப் படிக்க ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் தனித் துறையே இருக்கிறது. கல்லூரியின் பெயருக்காகப் பிடிக்காத பிரிவில் சேருவதைவிட, பிடித்த பிரிவு இருக்கும் கல்லூரியைத் தேடிப் போகலாம். எம்.டெக். முடித்தால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கெட்டிக்காரத்தனமும் வேண்டும்.

சீட்டு நழுவும் இடங்கள்

மார்க்கு வாங்கிய பிறகும் சீட்டை இழப்பவர்கள் உண்டு. ஏன்?

முதலாவது, தேதி. பிப்ரவரிப் பரீட்சைக்கு முந்தின வருஷம் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே மனுப் போட வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் கட்டணம் பாதிதான்.

அடுத்தது, மார்க்கு வந்தால் கல்லூரியே கூப்பிடும் என்று காத்திருப்பது. கூப்பிடாது! ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியே மனுப் போட வேண்டும். அதோடு 'கோப்' என்ற பொது இணையதளத்திலும் பதிய வேண்டும். இடம் தருகிறோம் என்ற செய்தி அதில்தான் வரும். குறித்த நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். என்.ஐ.டி.க்களுக்கு 'சி.சி.எம்.டி.' என்று வேறொரு கலந்தாய்வு. இரண்டிலும் பதிந்து வைப்பது நல்லது.

பெயரில் வரும் தொல்லையை நமது ஊர்க்காரர்கள் அறிவார்கள். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரித் தாளில் இன்னொரு மாதிரி. இதை மூன்றாம் வருஷத்திலேயே சரிசெய்துவிட வேண்டும்.

சாதிச் சான்றிதழில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழை ஐ.ஐ.டி.யில் ஏற்கமாட்டார்கள். மத்திய சர்க்கார் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்திய சர்க்கார் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சேருகிற வருஷம் ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு வாங்கியதாக அது இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தாசில்தார் கையெழுத்துக்கு நாளாகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.