ஒரே விதி, ஆளுக்கொரு முகவரி

வீட்டில் லேப்டாப், இரண்டு மொபைல், டிவி, பிரிண்டர் என ஐந்து சாதனங்கள் இருந்தாலும் வை-பை பாஸ்வேர்டு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐ.பி. முகவரி உண்டு. நீங்கள் கொடுக்கவில்லையே, யார் கொடுத்தது?

முதலில் முகவரியைப் பார்த்துவிடுவோம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயைச் சேர்த்து அழுத்துங்கள். ரன் கட்டத்தில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து எண்டர் தட்டினால் ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐபிகான்பிக் என ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 192.168.1.5 என்பது போல ஓர் எண் கிடைக்கும். அதன் கீழே சப்நெட் மாஸ்க், டீபால்ட் கேட்வே என இரண்டு வரிகள் இருக்கும். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் இதையே செய்து பாருங்கள். மாஸ்க்கும் கேட்வேயும் அப்படியே இருக்கும். முகவரியின் கடைசி எண் மட்டும் மாறியிருக்கும்.

இது உங்கள் ரௌட்டரின் வேலை. அதற்குள் டி.எச்.சி.பி. என்ற வசதி இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கலாம், கேட்வே எது என்ற பொது விதி அதில் ஒரே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். கேட்டு வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் அந்த விதியிலிருந்து தனி செட்டிங் தயாராகிறது.

இதே வேலையைக் கையால் செய்தால் என்ன ஆகும் என்பதை, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கற்றுக்கொண்டேன். எங்களிடம் 24 மெஷின்கள் கொண்ட ஒரு கிளஸ்டர் இருந்தது. பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, ஒரே கம்ப்யூட்டர் போல வேலை வாங்குவதுதான் கிளஸ்டர். அதில் உள்ள ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட். நோட்களின் முகவரி மாறவே கூடாது என்பதால், ஒரு செட்டிங் பைலை எழுதி 24 இடங்களில் காப்பி செய்து, முகவரியை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒன்றில் மறந்துவிட்டேன்.

இரண்டு நோட்களுக்கு ஒரே முகவரி. இரண்டுமே நின்று போயிருந்தால் நிம்மதி, உடனே கண்டுபிடித்திருப்பேன். ஆனால் இவை ஒரு நிமிடம் வேலை செய்தன, அடுத்த நிமிடம் செய்யவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடும்போது, "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரிடமும் கேட்கும். இங்கே இரண்டு பேர் "நான்தான்" என்றார்கள். யாருடைய பதில் நினைவில் நிற்கிறதோ அந்த மெஷினுக்கே தகவல் போனது. விண்டோஸில் இப்படி மோதினால் பெரும்பாலும் எச்சரிக்கை வரும். அந்த லினக்ஸ் மெஷின்கள் வாயே திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், இரண்டு நாள் போனது. சீனியர் ஒருவர் வந்து பைல்களை வரிசையாகத் திறந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் சிக்கியது!

அதன்பின் அந்தப் பைல்களை நாங்கள் கையால் தொடுவதில்லை. பாலிசி என்று ஒரே ஒரு பைல். கேட்வே 10.20.0.1, மாஸ்க் 255.255.255.0, நோட் எண்ணுடன் 10 கூட்டினால் வருவது முகவரியின் கடைசி எண். ஏழாவது நோட்டுக்கு 10.20.0.17. ஒரு சின்ன புரோகிராம் இதைப் படித்து 24 பைல்களையும் எழுதித் தருகிறது. கேட்வே மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

ஆனால் எல்லாமே கணக்கில் அடங்காது. லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் பெரும்பாலும் அது செருகப்பட்ட ஸ்லாட்டைப் பொறுத்து அமையும். ஒரு நோட்டில் ஒரு பெயர், அடுத்ததில் வேறு பெயர். அதனால் பாலிசியில் கார்டின் பெயரை எழுதாமல், "கேட்வேக்குப் போகும் கார்டு எதுவோ அது" என்று எழுத வேண்டும். கிளஸ்டர்களை நிர்வகிக்க கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டிஸுடன் என்.எம்.ஸ்டேட் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால், இப்படி எழுத முடிகிறது. ஒவ்வொரு நோட்டும் தன்னிடம் எந்தக் கார்டு என்று தானே பார்த்து, தனக்கான செட்டிங்கைத் தயாரித்துக்கொள்ளும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கையால் செய்தபோது என் தவறு இரண்டு மெஷின்களோடு நின்றது. பாலிசியில் தவறு செய்தால் 24-ம் காலி. என்.எம்.ஸ்டேட் இதற்கும் வழி வைத்திருக்கிறது. புது செட்டிங்கைப் போட்டபின் கேட்வேயைத் தொட முடிகிறதா என்று சோதிக்கும். முடியாவிட்டால் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒரே நேரத்தில் பாதி நோட்களுக்கு மேல் கை வைக்காது. பாதி என்பதே எனக்கு அதிகம். நான் ஒன்றில் போட்டுப் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்துதான் மற்றவற்றைத் தொடுவேன்.

உங்கள் வீட்டிலும் இந்த மோதல் வரலாம். பெரும்பாலும் பிரிண்டரில்தான். முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது என்று யாராவது பிரிண்டரில் 192.168.1.5 எனக் கையால் போட்டுவிடுவார்கள். ரௌட்டர் அதே எண்ணைப் புது லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டால் பிரிண்ட் சில நேரம் வரும், சில நேரம் வராது. இதற்குப் பதில் பிரிண்டரைத் தானாக முகவரி பெறும்படி விட்டுவிடுங்கள். பிரவுசரில் ரௌட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, டி.எச்.சி.பி. பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அங்கே பிரிண்டரின் மேக் அட்ரஸையும் நீங்கள் விரும்பும் ஐ.பி. முகவரியையும் கொடுத்து சேவ் செய்துவிட்டு, பிரிண்டரை ஆப் செய்து ஆன் செய்யுங்கள். மேக் அட்ரஸ் பெரும்பாலும் பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கறுப்பு விண்டோவில் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரௌட்டரிடமிருந்து பதிலே வரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுமுன் ரௌட்டரை ஒருமுறை ஆப் செய்து ஆன் செய்யுங்கள்.