கடைசல் பட்டறையும் விளையாட்டுக் காய்களும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஊரிகம், மாரிகுப்பம் முதலிய குடியிருப்புகளைச் சேர்ந்தோர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். குறைந்த மூலதனத்தில் ஊரிலேயே நடத்தத்தக்க தொழில் எது என்ற வினா இதனால் எழுகிறது. அதற்குரிய விடைகளுள் ஒன்றை, பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில் காணலாம்.

அரக்கு பூசிய மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. வெட்பாலை மரத்தை உலர்த்தி, துண்டுகளாக்கி, கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கின்றனர். பின்னர், சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் பரவுகிறது. தாழை ஓலையால் தேய்த்தவுடன் பளபளப்பு ஏறுகிறது.

சதுரங்கக் காய், கேரம் காய் போன்றவற்றைக் கடைவதற்கும் இதே எந்திரம் போதும். ஆனால் பொம்மைக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு இங்கு உண்டு. இரு பொம்மைகள் சிறிது வேறுபட்டால் அது கைவினையின் அழகு எனப்படும். இரு காய்கள் வேறுபட்டால் ஆட்டமே கெடும். 1988-இல் சென்னையில் நிறுவப்பட்ட சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி, காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் வரையிலும், எடை 5 முதல் 5.5 கிராம் வரையிலும் இருத்தல் வேண்டும். அரை கிராம் இடைவெளிக்குள் 19 காய்களையும் கடைந்து முடிப்பது எளிதன்று.

உளி பிடிக்கும் கையைவிட மரத்தின் ஈரமே இங்குப் பெருந்தடை. ஈரமரத்தில் கடைந்த காய், நாளடைவில் உலர்ந்து எடை குறையும். மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லையாதலால் வட்டமும் கோணும். ஆகவே மரத்தை வாங்கிப் பல மாதங்கள் நிழலில் அடுக்கி வைக்க நேரிடுகிறது. அதுவரை முதலீடு முடங்கிக் கிடக்கும். தொழில் தொடங்குவோருக்கு எந்திரம் வாங்கக் கடன் கொடுத்தால் போதுமென்று கருதுவது வழக்கம். எந்திரம் ஒருமுறைச் செலவு; உலரும் மரமோ ஆண்டு முழுவதும் பணத்தை விழுங்குவது. தனி ஒருவரால் இதனைத் தாங்க இயலாது. கூட்டுறவு முறையில் பொது மரக்கிடங்கு ஒன்று அமைத்து, உலர்ந்த மரத்தை எடைக்கணக்கில் வழங்குவதே பொருத்தமான ஏற்பாடாகும். அளவுச் சட்டங்களையும் நுண்தராசையும் அங்கேயே வைக்கலாம்.

14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொருள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. சென்னபட்டணத்தின் புவியியல் குறியீட்டை ஊரிகத்தார் பயன்படுத்த இயலாது. ஆனால் இப்பதிவைப் பெற அவர்களும் விண்ணப்பிக்கலாம். முதல் காயைச் சந்தைக்கு அனுப்புமுன் அதனைச் செய்துகொள்வது நன்று.