பெல்ட்டைச் சுண்டினால் போன் சொல்லும் கணக்கு

லோதி காலனி, நேதாஜி நகர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்களிலிருந்து காலை வேளையில் செக்ரடேரியட்டை நோக்கிச் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போன டில்லியைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிள் வாங்குவதற்கென்றே மத்திய சர்க்கார் தன் ஊழியர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து வந்தது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த நாளில் கால்சட்டையின் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டுதான் குமாஸ்தா சைக்கிள் ஏறுவார். மாட்ட மறந்தால் செயினின் கறுப்பு எண்ணெய் துணியில் ஏறிவிடும். வீட்டில் வசவு நிச்சயம்.

எண்ணெயும் கறையும் இல்லாத சைக்கிள் இப்போது வந்திருக்கிறது. அதில் செயினுக்குப் பதில் பல் வைத்த ஒரு பெல்ட். உள்ளே கார்பன் இழைகள், மேலே பாலியூரித்தேன். துருப்பிடிக்காது, தூசியைக் கண்டு அஞ்சாது. மே, ஜூனில் புழுதிக் காற்று வீசும் இந்த ஊருக்கு ஏற்ற சரக்கு என்றே தோன்றும். அமெரிக்காவின் டென்வர் நகரத்து கேட்ஸ் கம்பெனி 2007 வாக்கில் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1980-களில், ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள்களில் பெல்ட் ஓடியதுண்டு. இந்தியாவில் பெல்ட் சைக்கிள் இன்னும் அபூர்வம்தான். கண்ணில் படுபவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள்.

ஆனால் பெல்ட் என்பதே நமக்குப் புதிது என்று சொல்லிவிட முடியாது. தையல் மிஷினின் தோல் பெல்ட் தளர்ந்துவிட்டால் ஒரு துண்டு வெட்டிக் கம்பிக் கொக்கியை மாட்டத் தெரியாத தையற்காரர் உண்டா? மாவு மில்லிலும் ஓக்லா பட்டறைகளிலும் அன்றாடம் பெல்ட்டோடுதான் பிழைப்பு. ஓசூரில் தயாராகி டில்லித் தெருக்களில் ஓடும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைச் சுழற்றுவது பெல்ட். அரியானாவின் பாவல் தொழிற்சாலையில் 2020 வரை தயாரான ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் மோட்டார் சைக்கிளுக்கும் பெல்ட்தான்.

கட்டைவிரல் போதாது

செயின் பெருந்தன்மையுள்ளது. ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் மெக்கானிக் என்ன செய்கிறார்? செயினின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அரை அங்குலம் மேலும் கீழும் ஆடினால் 'டீக் ஹை' என்று சக்கரத்தை முடுக்கிவிடுவார். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் செயின் பொறுத்துக்கொள்ளும். அறுந்தால் ஒரு கண்ணியைக் கழற்றி மாட்டினால் தீர்ந்தது.

பெல்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதில் கண்ணி இல்லை; ஒரே வளையம். மாட்டுவதற்கே ஃபிரேமின் பின்பக்கம் ஓரிடத்தில் கழற்றி இணைக்கும்படி செய்திருக்க வேண்டும். நம் சாதாரண சைக்கிளின் ஃபிரேமில் அந்த வசதி இல்லை. பெல்ட்டை மடித்தாலோ முறுக்கினாலோ உள்ளிருக்கும் கார்பன் இழை ஒடியும். வெளியே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து நடுவழியில் கைவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது விறைப்பு. தளர்ந்திருந்தால், ஆசிரமம் சௌக்கில் பச்சை விளக்கு விழுந்ததும் ஆள் எழுந்து நின்று மிதிக்கும்போது பெல்ட்டின் பல் சக்கரத்தின் பல்லைத் தாண்டி வழுக்கும். கால் சட்டென்று கீழே போகும். பின்னால் டி.டி.சி. பஸ் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது விளையாட்டல்ல. இழையும் அப்போதே சேதமாகும். பயந்துபோய் அளவுக்கு மேல் இறுக்கினாலும் கெடுதிதான்: ஹப்பின் பேரிங் தேயும், மிதிப்பது கனக்கும். மாற்றுப் பெல்ட்டோ பெட்டிக்கடையில் தொங்கும் சாமான் அல்ல, வரவழைத்தாக வேண்டும். அதன் விலையில் பல செயின்கள் வாங்கலாம். ஆகவே கட்டைவிரல் கணக்கு இங்கே பணத்தையும் தின்னும், ஆளையும் தள்ளும்.

சுருதி சேர்ப்பது போல

இதற்கு கேட்ஸ் கம்பெனியே ஒரு போன் ஆப் கொடுத்திருக்கிறது. உபயோகம் எளிது. ஆப்பைத் திறந்து, போனின் மைக்கை பெல்ட்டின் மேல்பக்க நடுப்பகுதிக்கு அருகில் பிடித்து, தம்புராத் தந்தியை மீட்டுவதுபோல் பெல்ட்டை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். பெல்ட் 'தும்' என்று அதிரும். ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்ந்தது என்பதைப் போன் எண்ணாகக் காட்டும். அந்த எண்ணுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். சைக்கிளின் வகையையும் மிதிப்பவரின் வேகத்தையும் பொறுத்து, ஏறக்குறைய 35-லிருந்து 60-க்குள் இருக்கும்படி வைக்கிறார்கள். முரட்டுத்தனமாக மிதிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தந்தியை இறுக்கினால் சுருதி ஏறும், நீளத்தைக் கூட்டினால் இறங்கும் என்பதை மலை மந்திரில் பஜனைக்குத் தம்புரா சேர்ப்பவரும் அறிவார். அதைக் கணக்காக்கி 1636-இல் அச்சிட்டவர் மரின் மெர்சேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவர் கண்ட விதிப்படி, சுருதி இரண்டு மடங்காக வேண்டுமானால் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும்.

இந்த நான்கு மடங்குதான் பலரை ஏமாற்றும் இடம். 60 இருக்க வேண்டிய சைக்கிளில் போன் 50 காட்டினால், 'பத்துதானே குறைகிறது' என்று விட்டுவிடத் தோன்றும். கணக்குப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது! நீளமும் கணக்கில் சேரும். பெடல் சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் அதிகமானால் அதே விறைப்பில் எண் குறையும். எனவே ஒருவர் சைக்கிளின் எண்ணை இன்னொருவர் சைக்கிளுக்குப் பொருத்துவது வீண் வேலை. தயாரித்தவர் சொன்ன எண்ணே எண்.

காதால் கேட்டே சொல்லிவிடலாமே என்று சங்கீத ஞானம் உள்ளவர் கேட்கலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் வித்வானின் தம்புராவில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். சைக்கிள் பெல்ட் பெரும்பாலும் அதற்கும் கீழே பேசுகிறது. அதுவும் ஒரு நொடியில் அடங்கிவிடும். நல்ல காதும் தடுமாறக்கூடிய இடம் இது.

ஐம்பதின் தொல்லை

போனும் தடுமாறாமல் இல்லை. அதன் மைக் மனிதர் பேச்சுக்காக அமைந்தது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை அது அரைகுறையாகவே வாங்கும். சில சமயம் பெல்ட்டின் மூல சுருதியை விட்டுவிட்டு, அதன் இரட்டிப்பான மேல் சுருதியைப் பிடித்துக்கொண்டு 45-க்குப் பதில் 90 என்று காட்டும். 90-ஐ நம்பி பெல்ட்டைத் தளர்த்தினவர் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியில் வருகிறது. பழைய டியூப்லைட் சோக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் இரட்டிப்பான 100-இல் முனகும். பெல்ட்டின் குரல் 50-ஐ ஒட்டியே இருப்பதால், கடைக்குள் விளக்கும் விசிறியும் ஓடும்போது எடுத்த அளவில் எது பெல்ட், எது கரண்ட் என்று பிரிப்பது கடினம். இதற்குப் பரீட்சை சுலபம். பெல்ட்டைச் சிறிது தளர்த்திவிட்டு மறுபடி சுண்டிப் பார்க்கலாம். எண் இறங்கினால் அது பெல்ட்டின் எண். அசையாமல் நின்றால் போன் கேட்டுக்கொண்டிருப்பது வேறெதையோ. சைக்கிளைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டுவந்து, ஹாரன் ஓய்ந்த ஒரு கணத்தில் அளப்பதே உத்தமம். டில்லியில் அந்தக் கணம் கிடைப்பது சைக்கிள் உள்ளவர் அதிர்ஷ்டம்!

அப்படியானால் நடைபாதை மெக்கானிக்கின் பிழைப்பு என்னவாகும்? அவர் கட்டைவிரலுக்குள் இருந்த வித்தையை ஓர் ஆப் பிடுங்கிக்கொண்டது என்று வருந்துவதற்கில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அளப்பது அவராலும் ஆகாத காரியம். அவர் சட்டைப் பையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. 90 என்று பார்த்ததும் 'இது இரட்டிப்பு' என்று சொல்ல, சைக்கிளில் பழகிய கையும் வேண்டியிருக்கிறது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர் மிதித்துவரும் செயின் சைக்கிள் நாளையே மறைந்துவிடப் போவதும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு இன்றைக்கும் அதுவே தோது: எங்கே பழுதானாலும் பத்து நிமிஷத்தில் சரிசெய்ய ஆள் உண்டு.

பெல்ட் சைக்கிளை வாங்கிவிட்டவர், அல்லது முதலாளியின் பெல்ட் சைக்கிளைப் பழுதுபார்க்க நேர்ந்தவர், ஒருமுறை அளந்ததோடு நிற்கக் கூடாது. பெடலைக் கால் சுற்று திருப்பி மறுபடி சுண்ட வேண்டும். இப்படி நான்கு நிலையிலும். எண்கள் வெகுவாக வேறுபட்டால் பெடல் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்; முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். எல்லாம் சரியாக வந்த பிறகு பின்சக்கரத்து நட்டை முறுக்குவார்கள். முறுக்கும்போது அச்சு ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். அதனால் ஸ்பானரைக் கீழே வைத்த பிறகும் ஒரு தடவை சுண்டிப் பார்ப்பது அவசியம்.