அறிதிறன் வானொலி: வெற்று மீடிறனைக் கண்டறிதல்

வானொலி மீடிறன்கள் வரையறுக்கப்பட்ட வளமாகும். எனினும் உரிமம் பெற்றவர்கள் தமது பட்டையை எல்லா இடங்களிலும் எந்நேரமும் பயன்படுத்துவதில்லை. அவ்வெற்றுப் பட்டையைக் கண்டறிந்து, உரிமையாளருக்கு இடையூறின்றிப் பயன்படுத்தும் கருவியே அறிதிறன் வானொலி ஆகும். இக்கருத்தை 1999 இல் ஜோசப் மிட்டோலா, ஜெரால்ட் மக்வயர் ஆகியோர் முன்வைத்தனர்.

மென்பொருள்சார் வானொலி

இதில் அன்ரனா பெறும் சைகை இலக்க மாதிரிகளாக மாற்றப்படும். எஞ்சிய வேலைகளை மென்பொருளே செய்யும். எனவே ஒரே வன்பொருளால் பல பட்டைகளைச் சோதிக்கலாம்.

சக்தி உணர்தல் முறை

1. மாதிரிகளைப் பெறுதல்.
2. அவற்றை வர்க்கித்துச் சராசரி காணல்.
3. சராசரியை எல்லைப் பெறுமானத்துடன் ஒப்பிடல்.

உதாரணம்: மாதிரிகள் 3, −1, 2, −2. எல்லைப் பெறுமானம் 6.
சராசரி = (9 + 1 + 4 + 4) ÷ 4 = 4.5
4.5 < 6 ஆதலால் பட்டை வெற்று எனக் கருவி தீர்மானிக்கும்.

இத்தீர்மானம் சரியானதா?

இரைச்சலின் சராசரி வலு 4 எனக் கொள்வோம். அதில் ஆறிலொரு பங்கு வலுவுள்ள சைகை சேர்ந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 4.7 மட்டுமே. கருவி அதனைத் தவறவிடும். எல்லைப் பெறுமானத்தை 4.3 ஆகக் குறைத்தால், சைகை இல்லாதபோதும் இரைச்சலின் ஏற்ற இறக்கத்தால் பொய் எச்சரிக்கை எழும். மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இவ்விரு வழுக்களும் குறையும். ஆயினும் இரைச்சலின் வலுவைத் திருத்தமாக அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வுதாரணம் வெறும் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2008 இல், வெற்றுத் தொலைக்காட்சி அலைவரிசைகளை நாடும் கருவிகள் −114 டிபிஎம் வரை நலிந்த சைகைகளையும் உணர வேண்டும் என விதித்தது. 6 மெகா ஹேட்ஸ் அகலமுள்ள அலைவரிசையொன்றில் வெப்ப இரைச்சல் மட்டுமே ஏறத்தாழ −106 டிபிஎம் ஆகும். அதாவது சைகை, இரைச்சலின் ஆறிலொரு பங்கு.

மறைந்த முனையம்

கருவி கட்டடமொன்றின் பின்னால் இருப்பின் தொலைக்காட்சிச் சைகை அதனை எட்டாது. அயல் வீட்டுக் கூரையிலுள்ள அன்ரனாவுக்கோ அது கிடைக்கும். கருவி செலுத்தத் தொடங்கினால் அவ்வீட்டில் படம் குழம்பும். இதற்குத் தீர்வாகப் பல கருவிகளின் முடிவுகளை ஒன்றுசேர்க்கலாம். அன்றேல் தரவுத்தளத்தை நாடலாம். தமது அமைவிடத்தை அறிந்து தரவுத்தளத்தில் வெற்று அலைவரிசைகளைத் தேடும் கருவிகளுக்கு, உணர்தல் கட்டாயம் என்ற விதியை அவ்வாணைக்குழு 2010 இல் நீக்கியது.

நினைவிற் கொள்க: "சைகை கண்டறியப்படவில்லை" என்பதும் "சைகை இல்லை" என்பதும் ஒன்றல்ல.

மாதிரி வினா: தவறவிடல், பொய் எச்சரிக்கை ஆகியவற்றால் பாதிக்கப்படுவோர் யாவர்?

விடை: தவறவிடலால் உரிமம் பெற்றவரின் சேவை குழம்பும். பொய் எச்சரிக்கையால் அறிதிறன் வானொலியின் பயனர் கிடைத்த வாய்ப்பை இழப்பார்.